கொட்டகையில் நிற்கும் 190 எஸ்எல்: மூன்று வழிகளும் அவற்றின் உண்மையான விலையும்

செட்டிநாட்டு வீடுகளின் கார் கொட்டகைகளில் இன்னும் சில பழைய வண்டிகள் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கின்றன. அவற்றில் ஒன்றான, 1950களின் இறுதியில் செய்யப்பட்ட மெர்சிடிஸ்-பென்ஸ் 190 எஸ்எல் ரோட்ஸ்டர் (மடிக்கும் துணிக்கூரை கொண்ட திறந்த கார்) விற்பனைக்கு வந்திருக்கிறது என்றும், அதை வாங்கி முழுமையாகச் சீரமைப்பதா, ஓடும் நிலைக்கு மட்டும் கொண்டுவருவதா, அதைவிட்டு ஏற்கெனவே சீரமைத்த ஒன்றை வெளியூரில் வாங்குவதா என்று முடிவெடுக்க முடியவில்லை என்றும் மதுரை வாசகர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். மூன்றுமே நியாயமான வழிகள்தாம். ஆனால் எது பொருந்தும் என்பதைப் பெயிண்டும் இஞ்சினும் முடிவு செய்வதில்லை. வண்டியின் அடித்தகரமும் ஆர்சி புத்தகமுமே முடிவு செய்கின்றன என்பது என் உறுதியான கருத்து. அதனால் இக்கட்டுரையில் அவ்விரண்டுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாக: 190 எஸ்எல் முதன்முதலில் 1954 பிப்ரவரியில் நியூயார்க் கண்காட்சியில், புகழ்பெற்ற 300 எஸ்எல் வண்டியின் பக்கத்தில் நிறுத்திக் காட்டப்பட்டது. 1955 முதல் 1963 வரை 25,881 வண்டிகள் செய்யப்பட்டன. 1,897 சிசி கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் பெட்ரோல் இஞ்சின், இரண்டு சோலக்ஸ் கார்புரேட்டர், 105 குதிரைத் திறன், நான்கு கியர். உடலுக்கு அடியில் தனிச் சட்டகம் (ஃப்ரேம்) கிடையாது. அக்காலத்து மெர்சிடிஸ் செடானின் தரைத்தகரத்தைக் குறுக்கி, அதன்மேல் உடலை ஒன்றாகப் பற்றவைத்திருக்கிறார்கள். இந்தக் கடைசிச் செய்திதான் வாங்குபவருக்கு மிக முக்கியமானது.

## எவற்றைக் கொண்டு எடைபோடுவது

### அடித்தகரம்

கூரையுள்ள காரில் வண்டியின் வளைவுச் சுமையைக் கூரையும் தூண்களும் பகிர்ந்துகொள்கின்றன. ரோட்ஸ்டரில் தகரக் கூரை இல்லை. கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி வடிவப் பகுதியும் தரைத்தகரமும்தான் முழுச் சுமையையும் தாங்குகின்றன. இந்தக் கதவடிப் பெட்டி உள்ளிருந்து துருப்பிடிக்கிறது. வெளியே பெயிண்ட் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே தகரம் காகிதமாகியிருக்கலாம். ஜாக்கி வைக்கும் இடங்கள், முன் மட்கார்டின் கீழ்ப்பகுதி, டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழி, கால்மிதிக்கு அடியில் உள்ள தரை ஆகியவற்றையும் தட்டிப் பார்க்க வேண்டும்.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்கும்போது கதவின் பின்விளிம்புக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இடைவெளியை மேலும் கீழும் அளந்துகொள்ளுங்கள். பிறகு வண்டியை ஜாக்கியில் தூக்கி மீண்டும் அளந்து பாருங்கள். இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி மாறினாலோ, கதவு திறக்க அடம்பிடித்தாலோ, கதவடிப் பெட்டியில் வலு இல்லை என்று பொருள். காந்தம் வைத்துப் பட்டி பூசிய இடங்களைக் கண்டுபிடிப்பது நம் பட்டறைகளில் வழக்கம். ஆனால் 190 எஸ்எல்லின் பானெட்டும் டிக்கி மூடியும் கதவுகளின் வெளித்தகடும் அலுமினியம் என்பதால் அங்கே காந்தம் ஒட்டாது. அதைப் பார்த்து முழுவதும் பட்டி என்று முடிவு கட்டி நல்ல வண்டியை விட்டுவிட வேண்டாம். அதேசமயம் அலுமினியமும் இரும்பும் சேரும் விளிம்புகளில் ஈரம் தங்கினால் அலுமினியம் வெள்ளையாகப் பொடிந்து அரிக்கும் என்பதால், அந்த ஓரங்களைத் தனியாகப் பாருங்கள்.

காரைக்குடி, மேலூர், திருமங்கலம் போன்ற வறண்ட உள்நாட்டுப் பகுதிகளில் நின்ற வண்டிக்குக் கடலோரத்தில் நின்ற வண்டியைவிடத் தகரம் நன்றாக இருக்கும் வாய்ப்பு அதிகம். தூத்துக்குடியிலோ ராமேசுவரத்திலோ பல மழைக்காலம் நின்ற வண்டியாக இருந்தால், விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அடித்தகரத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

### ஆவணங்கள்

பழைய குடும்பங்களில் வண்டி தாத்தா பெயரில் இருக்கும். தாத்தா காலமாகி நெடுநாளாகியிருக்கும். வாரிசுகளில் ஒருவர் காரைக்குடியிலும் ஒருவர் சென்னையிலும் ஒருவர் கோலாலம்பூரிலும் இருப்பார்கள். அந்நிலையில் உரிமையாளர் இறந்ததற்கான படிவம் 31 வழியாக முதலில் வாரிசு பெயருக்கு மாற்றி, அதன் பின்னரே படிவம் 29, 30 வழியாக உங்கள் பெயருக்கு மாற்ற முடியும். தாசில்தார் வழங்கும் வாரிசுச் சான்றிதழும், மற்ற வாரிசுகளின் ஒப்புதலும் வேண்டும். பழைய பதிவு கணினிப் பதிவேட்டில் ஏறாமல் கிடந்தால், அதை ஏற்றுவதற்கே ஆர்டிஓ அலுவலகத்துக்குப் பலமுறை செல்ல நேரும். இந்த வேலைகளை விற்பவரே முடித்துத் தருவதாக எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

அடுத்து, எந்தப் பதிவு என்ற கேள்வி. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனிப் பதிவு விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, வணிகத்துக்குப் பயன்படாத வண்டி இதற்குத் தகுதி பெறும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், அதன்பின் மறுபதிவுக்கு 5,000 ரூபாய். எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும்; ஏற்கெனவே பதிவாகியுள்ள வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வண்டியை அன்றாடப் பயணத்துக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பராமரிப்பு, பெட்ரோல் நிரப்புதல் ஆகியவற்றுக்கு மட்டுமே அனுமதி. இதைவிட முக்கியமான நிபந்தனை, வண்டி அதன் மூல வடிவிலேயே இருக்க வேண்டும், சேசிஸ், உடல், இஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் நடந்திருக்கக் கூடாது என்பது.

வழக்கமான பதிவையே புதுப்பித்து ஞாயிறுதோறும் அழகர்கோவில் சாலையில் ஓட்ட விரும்பினால், இறக்குமதி செய்யப்பட்ட நான்கு சக்கர வண்டிக்கான புதுப்பித்தல் கட்டணத்தைக் கணக்கில் கொள்ளுங்கள். 2022 ஏப்ரல் முதல் அது 40,000 ரூபாயாக இருந்தது. 20 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2025 ஆகஸ்டில் 80,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) சோதனையும் உண்டு.

### எண்களும் உதிரிகளும்

சேசிஸ் எண் 121 என்ற வரிசையில் தொடங்க வேண்டும். இஞ்சின் எண்ணும் அப்படியே. அசல் இஞ்சின் தானா என்பதை, நிறுவனத்தின் ஆவணக்காப்பகத்திலிருந்து பெறக்கூடிய டேட்டா கார்டு சொல்லும். அந்த வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியேறியபோது இருந்த நிறமும் உள்ளலங்காரமும் அதில் இருக்கும். காணாமல் போன பொருள்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள். இஞ்சின் பாகங்களைவிட க்ரோம் பட்டைகள், பம்பர், கூரைத் துணியின் மடிப்புச் சட்டம், கடிகாரங்கள், விளக்கு வளையங்கள் போன்றவையே தேடக் கடினமானவை, விலையும் கூடியவை.

### மதுரையில் எது கிடைக்கும்

மதுரைப் பட்டறைகளின் திறமையை நேர்மையாக மதிப்பிட வேண்டும். பேருந்து, லாரி இஞ்சின்களைத் தலைமுறைகளாகப் பிரித்துக் கோத்த ஊர் இது. சிலிண்டர் போரிங், கிராங்க் கிரைண்டிங், வால்வு சீட்டு வேலை, ரேடியேட்டர், பிரேக் லைனிங், வயரிங், குஷன் தையல் ஆகியவற்றுக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. கப்பலூர், புதூர் தொழிற்பேட்டைப் பக்கங்களில் நல்ல லேத் வேலையும் கிடைக்கிறது. தரைத்தகரத்தை அளவெடுத்து மடித்துப் பற்றவைக்கும் டிங்கர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு முழு ரோட்ஸ்டர் உடலை ஜிக்கில் (அளவு மாறாமல் பிடித்துவைக்கும் இரும்புத் தாங்கியில்) நிறுத்தி, உடல் கோணாமல் கதவடிப் பெட்டியை மாற்றும் அனுபவம் அரிது. கண்காட்சித் தரத்தில் க்ரோம் பூச்சும் அரிது. இவ்விரண்டுக்கும் பெரும்பாலும் கோவையையோ சென்னையையோ நாட வேண்டியிருக்கும்.

## முதல் வழி: முழுச் சீரமைப்பு

வண்டியைக் கடைசி நட்டு வரை பிரித்து, பெயிண்ட்டை முழுக்க நீக்கி, தகரத்தை மாற்றி, எல்லாவற்றையும் புதிதாகக் கோப்பது இது. ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் கை வேலை பிடிக்கும். ஒரு டிங்கரும் ஒரு மெக்கானிக்கும் மற்ற வேலைகளுக்கு நடுவே செய்தால் ஆண்டுகள் ஆகும் என்று எண்ணிக்கொள்வதே சரி.

வெளியே தெரியும் செலவு டிங்கரிங், பெயிண்ட், இஞ்சின், உள்ளலங்காரம். தெரியாத செலவு அதைவிடப் பெரியது. ஜெர்மனியிலிருந்து வரும் உதிரிகளுக்கு விலையோடு விமானச் சரக்குக் கட்டணம், சுங்க வரி, அதன்மேல் ஐஜிஎஸ்டி எல்லாம் சேரும். பம்பர், கண்ணாடி போன்ற பெரிய பொருள்களுக்குச் சரக்குக் கட்டணமே வயிற்றைக் கலக்கும். சில உதிரிகள் தவறான அளவில் வந்தால் திருப்பி அனுப்புவது பயனற்றது. வேலை பாதியில் நிற்கும் காலத்தில் பிரித்த பொருள்கள் தொலைகின்றன. பட்டறைக்காரர் இடம் மாறினால், வண்டியை இரும்புக் குவியலாக ஏற்றி வர நேரும். பாதியில் நின்ற சீரமைப்பு வண்டி, தொடாத வண்டியைவிடக் குறைந்த விலைக்கே போகும். பணத்தை மூன்று தவணையாகப் பிரிக்காமல், வேலை முடிந்த கட்டத்துக்கு ஏற்பக் கொடுக்கும் ஒப்பந்தம் செய்துகொள்வதும், பிரிக்கும்போதே ஒவ்வொரு பொருளையும் படமெடுத்துப் பையிலிட்டுப் பெயரெழுதுவதும் இதற்குப் பாதுகாப்பு.

விண்டேஜ் பதிவு வேண்டுமென்றால் இன்னொரு எச்சரிக்கை. பழுதான தரையை அதே வடிவில் மாற்றுவது பழுதுபார்ப்பு. வடிவத்தை மாற்றுவது மாற்றம். இந்த வேறுபாட்டை அதிகாரிகளிடம் காட்டுவதற்கு, வெட்டுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் வேண்டும். எண் பொறித்த தகரத்தை எக்காரணம் கொண்டும் வெட்டி எறியக் கூடாது.

கதவடிப் பெட்டி போய்விட்ட, ஆனால் எண்கள் பொருந்தும், உதிரிகள் அனைத்தும் உள்ள, ஆவணம் சுத்தமான வண்டிக்கு இதுவே பாதுகாப்பான வழி. வலுவிழந்த உடலைப் பூசி மெழுகி ஓட்டுவது உயிருக்கு ஆபத்து. நீண்ட பொறுமையும், செலவு திட்டத்தைக் கடந்தாலும் தாங்கும் வசதியும் உள்ளவர்கள் மட்டுமே இதில் இறங்க வேண்டும்.

## இரண்டாம் வழி: ஓட்டநிலைக்குக் கொண்டுவந்து காப்பது

அடித்தகரம் நன்றாக இருந்தால் நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். பெயிண்ட் மங்கியிருக்கட்டும், சீட்டுத் தோலில் கீறல் இருக்கட்டும். அவை அந்த வண்டியின் வயதுக்கு உரியவை. பிரேக், ஸ்டீயரிங், எரிபொருள், குளிர்விப்பு, வயரிங் ஆகியவற்றை மட்டும் முறையாகச் செய்து, துருவை நிறுத்தி, வண்டியை ஓட்டத் தொடங்குவது. ஒருமுறை போன அசல் பெயிண்ட் திரும்ப வராது. இன்று சீரமைக்காமல் விட்டதை ஐந்தாண்டு கழித்தும் சீரமைக்கலாம்.

வேலையின் வரிசை முக்கியம். நெடுங்காலம் நின்ற இஞ்சினைப் பாட்டரி கொடுத்துச் சுழற்றக் கூடாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளைகளில் எண்ணெய் விட்டுச் சில நாள் ஊறவைத்து, கையால் கிராங்கைத் திருப்பிப் பார்க்க வேண்டும். வார்ப்பிரும்புப் பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட் உட்கார்ந்திருப்பதால், கூலன்ட் இன்றி வெறும் தண்ணீர் ஊற்றிய வண்டிகளில் ஹெட்டின் நீர்த்துளைகள் அரித்திருக்கும். ஹெட்டைத் திறந்தபின்தான் அது தெரியும். சோலக்ஸ் கார்புரேட்டர்களின் உடல் வெப்பத்தில் வளைந்து காற்றை இழுக்கும் பழக்கம் இந்த மாடலில் உலகறிந்தது. ஐடிலிங் நிற்காததற்கு மெக்கானிக் இக்னிஷனைக் குறை சொல்வதற்கு முன் இதைச் சோதியுங்கள். பலர் வெபர் கார்புரேட்டர் போட்டு ஓட்டுகிறார்கள். அப்படிச் செய்தாலும் பழைய சோலக்ஸைத் துடைத்து எண்ணெயிட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

இன்றைய நம் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. அக்காலத்து ரப்பர் குழாய்களையும் பம்ப் டயஃப்ரத்தையும் அது கரைத்து வீங்கவைக்கிறது. எத்தனால் ஈரத்தையும் இழுப்பதால், மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் இரும்பு டேங்க் உள்ளே துருப்பிடிக்கிறது. டேங்கைக் கழுவி, எரிபொருள் பாதையிலுள்ள எல்லா ரப்பரையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவது தேவைதான், தாமதிக்கவும் கூடாது. நெரிசலான நகரத்தில் சூடான இஞ்சின்மேல் பெட்ரோல் கசிவது தீவிபத்துக்கு வழி.

இவ்வழியில் மறைந்த செலவு சிறுசிறு தொகையாக வந்துகொண்டே இருக்கும். சித்திரை வெயிலில் ரேடியேட்டர் கொதிக்கும், கொடைக்கானல் ஏற்றத்தில் மலைக் காற்றின் அடர்த்தி குறைவதால் கலவையில் பெட்ரோல் மிகுந்து இஞ்சின் திணறும், கூரைத் துணி ஒரு மழையில் ஒழுகும். வண்டி அடிக்கடி நிற்கும் என்பதால் வீட்டில் வேறொரு வண்டி இருக்க வேண்டும். வழியிலேயே பானெட்டைத் திறந்து பார்க்கும் ஆர்வமும் உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ இருக்க வேண்டும். விண்டேஜ் விதியின் ‘மூல வடிவம்’ என்ற நிபந்தனைக்கு மிக எளிதாகப் பொருந்துவதும் இவ்வழிதான்.

## மூன்றாம் வழி: சீரமைத்த வண்டியை வாங்குவது

கணக்கு மட்டும் பார்த்தால் பெரும்பாலும் இதுதான் மலிவு. சீரமைத்தவர் செலவழித்த முழுப் பணமும் விற்பனை விலையில் திரும்புவது அரிது. அந்த இழப்பு வாங்குபவருக்கு ஆதாயம். காத்திருக்கவும் தேவையில்லை.

ஆனால் புதிய பெயிண்ட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைப் பெயிண்ட் சொல்லாது. சீரமைப்பின்போது எடுத்த படங்கள் இல்லாத வண்டிக்குச் சீரமைத்த வண்டியின் விலை கொடுக்க வேண்டாம். ஜாக்கிச் சோதனையை இங்கும் செய்யுங்கள். அசல் இஞ்சின் இருக்கிறதா என்பதை எண்ணோடு ஒப்பிடுங்கள். வேறு மாநிலத்து வண்டியானால் அந்த ஆர்டிஓவின் என்ஓசி (ஆட்சேபணையின்மைச் சான்று), தமிழகத்தில் செலுத்த வேண்டிய வரி, லாரியில் ஏற்றிவரும் கூலி, போக்குவரத்துக் காப்பீடு எல்லாம் உங்கள் செலவு. தெரிந்த குடும்பத்தின் வண்டி என்ற வரலாறும் இதில் கிடைக்காது. செட்டிநாட்டு வண்டிக்கு அது பெருமையும் மதிப்பும் சேர்க்கிறது என்பதை நான் குறைத்து எண்ணவில்லை.

பேரனின் திருமணத்துக்குள் ஓட்ட வேண்டும் என்பது போன்ற நாள் கணக்கு உள்ளவர்களுக்கும், பட்டறை வாசலில் நிற்க நேரமில்லாதவர்களுக்கும் இதுவே ஏற்றது.

## டீசல் இஞ்சின் என்ற யோசனை

பட்டறைகளில் சிலர் நான்காவது வழி சொல்வார்கள்: பழைய பெட்ரோல் இஞ்சினை எடுத்துவிட்டு, டெம்போ வண்டிகளில் வந்த ஓஎம்616 டீசல் இஞ்சினைப் போடலாம், அதுவும் மெர்சிடிஸ் இஞ்சின்தான், உதிரியும் எளிதில் கிடைக்கும் என்று. பழைய மெர்சிடிஸ் செடான்களுக்கு இது நடந்திருக்கிறது. 190 எஸ்எல்லுக்குச் செய்யவே கூடாது. விண்டேஜ் தகுதி உடனே போகும், ஆர்சியில் எரிபொருள் வகையும் இஞ்சின் எண்ணும் முரண்படும், வண்டியின் மதிப்பில் பெரும்பகுதி கரையும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | முழுச் சீரமைப்பு | ஓட்டநிலைப் பழுதுபார்ப்பு | சீரமைத்த வண்டி |
|---|---|---|---|
| அடித்தகரம் | மோசமாக இருந்தாலும் செய்யலாம் | நன்றாக இருந்தால் மட்டும் | படச்சான்று வேண்டும் |
| காலம் | ஆண்டுகள் | சில மாதங்கள் | உடனே |
| மறைந்த செலவு | இறக்குமதி உதிரி, க்ரோம், தொலையும் பொருள்கள் | தொடர்ந்து வரும் சிறு பழுதுகள் | என்ஓசி, வரி, பெயிண்ட்டுக்கு அடியில் உள்ள துரு |
| மதுரையில் செய்ய முடிவது | ஒரு பகுதி. உடலும் க்ரோமும் வெளியூர் | ஏறக்குறைய அனைத்தும் | பராமரிப்பு மட்டும் |
| விண்டேஜ் பதிவு | படங்களுடன் விளக்க வேண்டும் | எளிது | முந்தைய வேலையைப் பொறுத்தது |

1963 முதல் 1971 வரை வந்த ‘பகோடா’ எஸ்எல் வண்டிகளுக்கும் இதே அளவுகோல்கள் பொருந்தும். ஒரு வேறுபாடு மட்டும்: அவற்றில் கார்புரேட்டருக்குப் பதில் பாஷ் நிறுவனத்தின் இயந்திர எரிபொருள் இன்ஜெக்ஷன் பம்ப் (சிலிண்டருக்கான பெட்ரோலை அளந்து பீச்சும் பம்ப்) இருக்கிறது. அதைச் சரிசெய்ய அதற்கென்ற சோதனை மேசையும் பயிற்சியும் வேண்டும் என்பதால், பகோடாவை இரண்டாம் வழியில் எடுப்பவர்கள் பம்ப்பின் நிலையை அடித்தகரத்துக்கு இணையாகச் சோதிக்க வேண்டும்.

## விலை பேசும்போது

வண்டியைப் பார்க்கப் போகும்போது உங்கள் மெக்கானிக்கோடு டிங்கரையும் அழைத்துச் செல்லுங்கள். இந்த வண்டியில் டிங்கரின் சொல்லே அதிகம் செல்லும். கதவடிப் பெட்டி போயிருந்தால், முழுச் சீரமைப்புக்கு ஆகும் செலவைக் கழித்துக்கொண்டு விலை கேளுங்கள். விற்பவர் இணங்காவிட்டால் எழுந்து வந்துவிடுவதே சரி. தகரம் நன்றாக இருந்து ஆவணத்தில் மட்டும் சிக்கல் என்றால், வாரிசு மாற்றம் முடியும் வரை சிறு முன்பணம் மட்டும் கொடுத்து, முத்திரைத்தாளில் காலக்கெடுவுடன் எழுதிக்கொள்ளுங்கள். விலை படிந்ததும் வண்டியைக் கட்டி இழுக்காமல், தட்டையான லாரியில் ஏற்றி வாருங்கள். பிரேக் பிடித்துக்கொண்ட சக்கரத்தை இழுத்தால் டிரம் கெடும். ஏற்றுவதற்கு முன் கொட்டகையின் மூலைகள், பரண், பக்கத்து அறை எல்லாவற்றிலும் தேடுங்கள். கூரைச் சட்டத்தின் ஒரு துண்டு, ஜாக்கி, கருவிப் பை, கழற்றிவைத்த விளக்கு வளையம், பழைய வரி ரசீது என்று அங்கே கிடைப்பது ஒவ்வொன்றையும் விற்பனைப் பட்டியலில் எழுதி, விற்பவரின் கையெழுத்தோடு வண்டியுடன் சேர்த்தே எடுத்து வாருங்கள்.